பத்து சதவீத அறம்: ஆய்வு முறையியல் குறித்துச் சில குறிப்புகள்

1

ஓர் ஆய்வேடு நேர்மையானதா இல்லையா என்று தீர்மானிக்க இன்று நமக்கு ஓர் எண் போதுமானதாக இருக்கிறது. "பர்சன்டேஜ் எவ்வளவு வந்துச்சு?" என்பதுதான் துறைகளில் புழங்குகிற கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைகள் இந்தக் கேள்விக்குச் சட்ட வடிவம் கொடுத்தன. ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் தண்டனை கிடையாது. அதற்கு மேல் 40வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60வரை என்றால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதையும் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ந்தாற்போல 14 சொற்கள்வரை ஒத்துப்போனால் தற்செயல் என்று விட்டுவிடலாம்.

திருட்டைத் தடுக்க விதி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. இந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதே பிரச்சினை. அது சொற்களின் வரிசையை மட்டும் அளக்கிறது. ஒருவருடைய வாதத்தை முழுசாக எடுத்துக்கொண்டு வாக்கியத்தை மட்டும் புரட்டிப்போட்டால் அதன் கண்ணில் படுவது சிரமம். புரட்டிப்போட்டுத் தருவதற்கு இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு வந்துவிட்டன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் ஏடு, எந்திரத்துக்கு அர்த்தமில்லாத லத்தீன் எழுத்துக் குவியல்தான். ஆக, தப்பிக்கத் தெரிந்தவர் தப்பித்துவிடுகிறார். மேற்கோளை முறையாகக் காட்டத் தெரியாத முதல் தலைமுறை மாணவர் மாட்டிக்கொள்கிறார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் இல்லை.

2

வெளியீடு விஷயத்திலும் இதே எண் அரசியல்தான். ஏட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பீட்டுக்கு உட்பட்ட இதழொன்றில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று 2009 விதி சொன்னது. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் 2010இல் புள்ளிக் கணக்கு வந்தது. தேவை வந்தால் கடை வரும், இல்லையா? காசு வாங்கிக்கொண்டு சில நாளில் கட்டுரை போடுகிற இதழ்கள் பெருகின. ஐ.எஸ்.எஸ்.என். என்பது ஓர் இதழை அடையாளம் காண உதவும் எண். தரத்துக்கான சான்று அல்ல. ஆனால் அது தெய்வவாக்காகிவிட்டது. மானியக் குழு 2017இல் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. பிறகு கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனை 2022 விதிமுறையிலேயே போய்விட்டது.

இத்தனை விதிகளும் வந்துபோன காலத்தில், கட்டுரையில் யார் பெயர் இருக்கலாம் என்ற கேள்வியை மட்டும் யாரும் உரக்கக் கேட்கவில்லை. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதில் தெளிவாக இருக்கிறது: பொதுவாக மேற்பார்வை பார்த்ததோ நிதி பெற்றுத் தந்ததோ மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது. நம் சூழலில் மாணவர் எழுதிய கட்டுரையில் நெறியாளர் பெயர் சேருவது ஒரு குருதட்சணை. எந்த மென்பொருளும் இந்த ஒப்புமையைக் காட்டாது.

3

சரி, முறையியலுக்கு வருவோம். நம் ஏடுகளில் முதல் இயலோடு ஒட்டிக்கொண்டு 'விளக்க முறை, பகுப்பாய்வு முறை, ஒப்பீட்டு முறை ஆகியன பின்பற்றப்பட்டுள்ளன' என்று ஒரு வாக்கியம் வரும். இது ஒரு காப்புச் செய்யுள். யார், எங்கிருந்து, யாரிடம் கேட்டார் என்பதை மறைப்பதே அதன் வேலை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களைக் கிராமங்களை ஆய்வு செய்து எழுத வைத்தார். 1918இல் நூலாக வந்த அந்த ஆய்வில் இடம்பெற்ற இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற ஊர்களைப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்ப ஆய்வு செய்தார்கள். மாணவருக்கு ஊரைத் தெரியும் என்பது அங்கே தகுதியாகக் கொள்ளப்பட்டது. அன்று கல்லூரிக்குப் போனவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இன்று தலித் மாணவர் ஒருவர் தன் தெருவைப் பற்றி எழுத வந்தால் 'புறவயத்தன்மை இல்லை' என்கிறார்கள். உள்ளிருப்பது ஒருவருக்கு அறிவாகவும் இன்னொருவருக்குச் சார்பாகவும் ஆகிவிடுகிற மாயத்தை எந்த முறையியல் நூல் விளக்கும்?

ஆந்த்ரே பெத்தேய் தஞ்சைக் கிராமம் ஒன்றுக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் கொடுத்து எழுதிய சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூல் (1965) அவருடைய முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர் அக்ரஹாரத்தில் தங்கினார். ஊரார் அவரைப் பிராமணராகவே வைத்துப் பார்த்தார்கள். அதனால் ஆதிதிராவிடர் தெருவுக்கு நினைத்தபடி போய்வர முடியவில்லை. இதை அவர் நூலிலேயே சொல்லிவிடுகிறார். சொன்னதால் அந்த இடைவெளி நிரம்பிவிடவில்லை. ஆனால் இந்தப் பிரதி எந்த இடத்தில் மங்கலாகிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. எதிர்த்து வாசிக்க ஒரு கதவு திறந்து கிடக்கிறது. முறையியல் என்பது இதுதான். இதே தடையைத் தலைகீழாகச் சந்திக்கிற சேரி மாணவர், ஊர்த்தெருவில் வினாநிரலோடு திண்ணைக்குக் கீழே நின்றதை ஏட்டில் எழுத முடிகிறதா? 'அதெல்லாம் எதுக்குப்பா, அட்டவணையைப் போடு' என்பதுதான் பதில். அவர் நின்ற இடம்தான் அந்த ஆய்வின் முதல் தரவு என்பதை நாம் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்.

4

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் குறித்த பாடத்தை மானியக் குழு 2019இல் கட்டாயமாக்கியது. நல்லதுதான். ஆனால் தகவலாளியிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கு என்று சொல்லிக்கொடுப்பதோடு அது நின்றுவிடக் கூடாது. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களின் பிள்ளைகளிடம் போய்த் தாளை நீட்டுகிறோம். அவர்கள் முகத்தில் தெரியும் தயக்கம் அறியாமை இல்லை, அது வரலாறு. புனைபெயரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எழுதி அயல்நாட்டில் அச்சானால் அது ஓரளவு காக்கலாம். தமிழில் எழுதிய ஏட்டை அதே ஊர்க்காரர் வாசிப்பார். 'டீக்கடை வைத்திருக்கும் விதவைப் பெண்' யாரென்று அவருக்கு உடனே தெரிந்துபோகும். ஏடு ஷோத்கங்காவில் ஏறிவிட்டால் யாரும் எங்கிருந்தும் எடுத்துப் படிக்கலாம். சொன்னவர் ஊரிலேயே இருக்கிறார். எழுதியவருக்குப் பட்டம் கிடைத்துவிடுகிறது.

எனவே வாய்மொழித் தேர்வில் சதவீதத்தோடு வேறு சில கேள்விகளையும் கேட்டாக வேண்டும். எந்தத் தெருவுக்குள் உங்களால் போக முடியவில்லை? உங்களுக்காக அங்கே போய்க் கேட்டுவந்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறதா? சொன்னவர்களில் யாருக்காவது எழுதியதை வாசித்துக் காட்டினீர்களா? அவர் எதையாவது எடுத்துவிடச் சொன்னாரா, எடுத்தீர்களா? இவற்றுக்குப் பதில் சொல்ல மாணவரைத் தயார்ப்படுத்துவது நெறியாளரின் வேலை. அவரே இதற்குப் பதில் சொல்லிப் பழகியிருக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள கஷ்டம்.