நகலின் பக்கம் அமர்ந்த பார்வையாளர்

மைக்கேல் பே இயக்கிய ‘தி ஐலண்ட்’ 2005 ஜூலையில் வெளிவந்தது. சுமார் 12.6 கோடி டாலர் செலவில் உருவான அந்தப் படம் அமெரிக்காவில் வசூலித்தது ஏறக்குறைய 3.6 கோடி டாலர் மட்டுமே. உலகம் முழுவதும் சேர்த்து 16 கோடியைத் தாண்டியதால் முற்றிலும் மூழ்காமல் கரையேறியது. மனிதக் குளோனிங்கைப் பேசிய அதிரடிப் படங்களில் இதைப் போல் பார்வையாளர்களைப் பிரித்துப் போட்ட படம் வேறில்லை. இதே கருவில் வந்த மற்ற படங்களைப் பற்றிய பேச்சும் சுற்றிச் சுற்றி இந்தப் படத்திடமே வந்து நிற்கிறது. எனவே இதை மையத்தில் வைத்தே இந்தக் களத்தைப் பார்க்கலாம்.

கதை 2019இல் நடக்கிறது. வெளியுலகம் நச்சாகிவிட்டது என்று நம்பவைக்கப்பட்ட சிலர், வெள்ளுடை அணிந்து ஒரு மூடிய வளாகத்தில் வாழ்கிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தால் மாசுபடாத ஒரு தீவுக்குப் போகலாம் என்பதுதான் அவர்களுடைய ஒரே கனவு. உண்மையில் தீவு என்று ஒன்றே இல்லை. அவர்கள் அனைவரும் பணக்காரர்களின் நகல்கள். ஒரு நகலின் விலை ஐம்பது லட்சம் டாலர். உரியவருக்கு ஈரல் கெட்டாலோ, பிள்ளை பெற வேண்டுமென்றாலோ, அந்த வாரக் குலுக்கலில் நகலின் பெயர் விழும். யுவன் மெக்ரிகரின் லிங்கனும் ஸ்கார்லெட் ஜோஹான்சனின் ஜோர்டானும் இதை அறிந்து தப்பி ஓடுகிறார்கள்.

படம் வந்த நாளிலிருந்து ஒரே குறை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: இடைவேளைக்கு முன் ஒரு படம், பின் இன்னொரு படம். ரோஜர் ஈபர்ட் மூன்று நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டியபோதும் இந்த இரட்டைத்தன்மையைச் சுட்டினார். சாதாரண ரசிகர்களும் அதையே சொன்னார்கள். முதல் பாதியில் கிளர்ந்த அச்சமும் கேள்விகளும், நெடுஞ்சாலையில் ரயில் சக்கரங்கள் உருண்டு கார்களை நொறுக்கத் தொடங்கியதும் காணாமல் போயின என்பது அவர்களது வருத்தம். அந்தத் துரத்தலுக்காகவே படத்தை விரும்பியவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கோ முதல் ஒரு மணி நேரம் இழுவை.

குறை சரியானது, அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. கெடுதல் அதிரடியால் வரவில்லை. துரத்தல் தொடங்கியதும் லிங்கனும் ஜோர்டானும் நகல்களாக இருக்கவேண்டிய தேவையே கதைக்கு இல்லாமல் போகிறது. சிறையிலிருந்து தப்பிய எந்தக் கைதியும், பொய்வழக்கில் சிக்கிய எந்த அப்பாவியும் அதே கார்களில் அதே வேகத்தில் ஓடியிருக்கலாம். அந்த நெடுஞ்சாலைக் காட்சியின் துண்டுகளை பே தமது ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையின் மூன்றாம் படத்தில் (2011) மறுபடி பயன்படுத்தியதை ரசிகர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். இந்தக் கதைக்கே உரிய காட்சியாக அது இருந்திருந்தால், அவ்வளவு எளிதாக வேறொரு படத்தில் பொருந்தியிருக்குமா?

விளம்பரங்கள் பற்றியும் கடுமையான எரிச்சல் எழுந்தது. மனிதனைச் சரக்காக்குவதைக் கண்டிக்கும் படத்தில் காலணிக்கும் காருக்கும் கணினி விளையாட்டுக்கும் இத்தனை இடமா என்று கேட்டார்கள். நியாயமான கோபம். அதில் ஒரு காட்சிக்கு மட்டும் விலக்குத் தரவேண்டும். தப்பி வந்த ஜோர்டான், தெருவில் ஒரு பெரிய திரையில் தன் முகத்தையே பார்க்கிறாள். அது ஒரு வாசனைத் திரவிய விளம்பரம். ஜோஹான்சன் நிஜ வாழ்வில் நடித்த கால்வின் கிளைன் விளம்பரமேதான். தன் முகம் இன்னொருத்திக்குச் சொந்தம் என்பதை அவள் அறியும் கணம் அது. படம் நெடுகிலும் விளம்பரம் கதைக்கு உழைத்தது அங்கே மட்டும்தான்.

அறிவியல் தெரிந்தவர்களின் குறை எல்லாக் குளோனிங் படங்களுக்கும் பொது. குளோனிங் என்பது ஒரு உடல் செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய கருமுட்டையில் வைத்துக் கருவாக வளர்ப்பது. டாலி ஆட்டை உருவாக்க ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வகம் 277 முட்டைகளை இணைத்துப் பார்த்தது. 1996 ஜூலையில் உயிரோடு பிறந்தது ஒன்றே ஒன்று. அதுவும் குட்டியாகப் பிறந்துதான் வளர்ந்தது. ‘தி ஐலண்ட்’ காட்டுவதுபோல் பையைக் கிழித்துக்கொண்டு முழு ஆளாக யாரும் எழுந்து வரமுடியாது. மரபணு வழியாக நினைவுகள் வந்து சேராது. 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனைக்கு, மூலப் பூனையின் நிறம்கூட வரவில்லை. 2000இல் வந்த ஷ்வார்ஸ்நேகரின் ‘தி சிக்ஸ்த் டே’யும் இதே குறுக்குவழியில் போனதுதான். ஆனால் அதில் செத்த நாயைக் கடையில் நகலெடுத்துத் தரும் வியாபாரத்தை அன்று சிரித்தபடி பார்த்தார்கள். இன்று அது கட்டணம் வாங்கிக்கொண்டு நடக்கும் தொழில்.

‘தி ஐலண்ட்’ அமெரிக்காவில் தடுமாறிய அதே கோடையில் தென்கொரியாவில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். இந்த வரவேற்புக்குக் கொரியாவில் அப்போது ஓங்கி ஒலித்த ஒரு பெயரைச் சொல்லாமல் விளக்கம் தர முடியாது: ஹ்வாங் வூ சுக். மனிதக் கருவைக் குளோன் செய்து குருத்தணுக்களை எடுத்துவிட்டதாக 2004இலும், நோயாளிகளின் மரபணுவோடே 11 குருத்தணு வரிசைகளை உருவாக்கியதாக 2005 மே மாதத்திலும் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியவர் அவர். அரசு அவரை நாட்டின் தலைசிறந்த விஞ்ஞானி என்று அறிவித்தது. அவர் பணியைப் போற்றி அஞ்சல்தலை வந்தது. ஆகஸ்டில் ஸ்னப்பி என்ற குளோன் நாயை அவர் உலகுக்குக் காட்டினார். அங்கே படம் பார்க்க வரிசையில் நின்றவர்களுக்குக் குளோனிங் அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கமாக இருந்தது. முடங்கிய கால்கள் நடக்கும் என்ற நம்பிக்கையோடு, அதற்கு யார் விலை கொடுப்பார்கள் என்ற கலக்கத்தையும் சுமந்தே அவர்கள் அரங்கத்துக்குள் போயிருப்பார்கள்.

நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, ஹ்வாங்கின் ஆய்வுக்குக் கருமுட்டைகள் வந்த வழியைக் கேள்விக்குள்ளாக்கியது. அவரது ஆய்வகத்தின் இளம் பெண் ஆய்வாளர்களே முட்டை கொடுத்திருந்தார்கள். நாட்டின் கோபமோ நிகழ்ச்சியின் மேல் பாய்ந்தது. விளம்பரதாரர்கள் அதைக் கைவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள் தங்கள் கருமுட்டைகளையும் தருவதாகப் பெயர் கொடுத்தார்கள். சில வாரங்களில் ஆய்வு முடிவுகளே புனைந்தவை என்பது வெளியாயிற்று. 2006 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இரு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது. 2,000க்கும் மேற்பட்ட முட்டைகள் செலவாகியிருந்தன. குளோன் செய்த கருவிலிருந்து ஒரு குருத்தணு வரிசைகூடக் கிடைக்கவில்லை. ஸ்னப்பி மட்டும் உண்மையான குளோன்.

இந்தப் பெண்களை எந்தக் குளோனிங் படத்திலும் நான் பார்க்கவில்லை. குளோனிங் என்றதும் திரை நமக்குக் காட்டுவது வளர்ந்து நிற்கும் அழகிய நகலை. அந்த நகலுக்காக அழுகிறோம். நிஜத்தில் ஊசி போட்டுக்கொண்டு முட்டை கொடுத்த உடல்களுக்குத் திரையில் முகமே கிடையாது. வில்லிவாக்கத்தில் சிறுநீரகம் விற்ற குடும்பங்களின் கதையைச் செய்தித்தாளில் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு, பிறர் உடலை உதிரி உறுப்பாகக் கருதும் வணிகம் எதிர்காலக் கற்பனை அல்ல. நம் ஊரில் அதற்குக் குளோனிங் தேவைப்படவில்லை. கடன் போதுமானதாக இருந்தது.

‘தி ஐலண்ட்’ படத்தின் மூலக்கதை குறித்தும் ஒரு சர்ச்சை எழுந்தது. 1979இல் வந்த ‘பார்ட்ஸ்: தி குளோனஸ் ஹாரர்’ என்ற சிறு முதலீட்டுப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தவர்கள் ஒற்றுமைகளை உடனே கண்டுகொண்டார்கள். அதன் தயாரிப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அதே 2005இல் கசுவோ இஷிகுரோவின் ‘நெவர் லெட் மீ கோ’ நாவலும் வெளியானது. அதுவும் உறுப்புகளுக்காக வளர்க்கப்படும் நகல்களின் கதைதான். ஆனால் அதில் யாரும் ஓடுவதில்லை. விடுதிப் பள்ளியில் வளர்கிறார்கள், காதலிக்கிறார்கள், முறை வந்ததும் உறுப்புகளைக் கொடுத்து இளவயதிலேயே சாகிறார்கள். 2010இல் அது படமானபோது உலக வசூல் ஏறக்குறைய ஒரு கோடி டாலர். ஏன் இவர்கள் தப்பிக்கக்கூட முயலவில்லை என்பதுதான் பார்வையாளர்கள் அதிகம் கேட்ட கேள்வி. ஒரு படத்தில் ஓட்டம் மிகுதி என்று குறை. இன்னொன்றில் ஓட்டமே இல்லை என்று குறை. இந்த இரண்டாவது எரிச்சலை நான் பெரிதும் மதிக்கிறேன். ஓடாதவர்களைப் பார்க்கும்போது நகலோடு சேர்ந்து தப்பித்த நிம்மதி நமக்குக் கிடைப்பதில்லை. அவர்களது உறுப்பால் உயிர் நீட்டிக்கப்பட்டவர்களின் வரிசையில் நாமும் இருக்கிறோமா என்ற சந்தேகம் உள்ளே புகுந்துவிடுகிறது. அதிரடிப் படம் அந்தச் சந்தேகம் எழுவதற்கு நேரம் கொடுப்பதில்லை.

2019இல் ஆங் லீயின் ‘ஜெமினி மேன்’ வந்தபோது பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. வில் ஸ்மித்தைக் கொல்ல அவருடைய இளவயது நகலே வருகிறது. ஆனால் பார்த்தவர்கள் விவாதித்தது நொடிக்கு 120 சட்டக வேகத்தையும், கணினியில் செதுக்கிய இளம் முகத்தின் நம்பகத்தையும்தான். கொலைக்கென்றே வளர்க்கப்பட்ட அந்தப் பையனின் நிலை பற்றி அதிகம் பேசப்படவில்லை. அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது 2021இல் வந்த கொரியப் படம் ‘சோபோக்’. சாகாத குளோன் ஒருவனைக் காவல் காக்கும் பொறுப்பு, சாவை எதிர்நோக்கும் நோயாளியிடம் தரப்படுகிறது. நகலால் பிழைக்கக்கூடியவனையே நாயகனாக்கிய துணிவு அதில் இருக்கிறது.

‘தி ஐலண்ட்’ அந்தத் துணிவின் விளிம்பு வரை போனது. லிங்கனின் மூலமான டாம் லிங்கன் ஈரல் நோயாளி; அவன் தன் நகலைக் காட்டிக்கொடுக்கிறான்; அடையாளக் குழப்பத்தில் அவனே சுடப்படுகிறான். அவன் கோழையாகவும் சுயநலக்காரனாகவும் காட்டப்பட்டதால் அந்தச் சாவு நம்மை உறுத்துவதில்லை. ஜோர்டானின் மூலமான சாரா விஷயத்தில் இந்த வசதி கிடையாது. விபத்தில் அடிபட்டு, உறுப்புகள் கிடைத்தால்தான் பிழைப்பாள் என்ற நிலையில் மருத்துவமனையில் கிடக்கும் தாய் அவள். ஜோர்டான் தொலைபேசியில் அழைக்கும்போது எடுப்பது அவளுடைய குழந்தை. திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துத் தன் அம்மா என்றே நினைத்துவிடுகிறது. இந்தப் படத்தைப் பற்றி இருபது ஆண்டுகளாக எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். அந்தக் குழந்தை பேச்சில் வருவது அரிது. ஜோர்டான் பிழைத்துவிட்டாள். சாரா என்ன ஆனாள் என்பதைப் படம் சொல்லவில்லை, அரங்கத்தை விட்டு வெளியே வந்தவர்களும் கேட்கவில்லை.