வாடகைக்கு முன்னால் ஒரு கேள்வி

பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) நல்ல படம்தான். வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டுக்குக் குறுக்கே அதில் நிற்பவை பணம், காண்ட்ராக்டர், சர்க்கார்.

பணம்தான் பிரச்சினை என்றால், 1917இல் பரோடாவில் அம்பேத்கருக்கு என்ன குறை? கொலம்பியாவில் படித்தவர், சமஸ்தானத்தில் உத்தியோகம். பேரை மாற்றி பார்சி விடுதியில் தங்கினார்; 11ஆம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். இந்து நண்பர், கிறித்தவ நண்பர் இருவரும் கைவிரித்ததை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் எழுதுகிறார். அழுததையும் மறைக்கவில்லை. பட்டமும் சம்பளமும் திறக்காத கதவு எதுவென்று அந்தப் பிரதிதான் காட்டுகிறது.

தீண்டாமை காட்டிக் குடியிருப்பை மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும், முதல் சம்பளத்தோட மயிலாப்பூர்ல வீடு தேடுற நம்ம பிள்ளைகிட்ட, வாடகை பேசுறதுக்கு முன்னாடியே 'ஊர்ல எந்தத் தெரு?'ன்னு கேக்குறாங்க. நம் நகரக் கதைகள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.