புகைக்குழாயை அறுப்போரும் புகையை அளப்போரும்

காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையோரம் கால் மணி நேரம் நின்று பாருங்கள். சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் லாரிகள் வரிசையாக உங்களைக் கடந்து செல்லும். சில லாரிகள் கரும்புகையைக் கக்கும். சிலவற்றில் புகையே தெரியாது. "கரும்புகை விடுவதுதான் காற்றைக் கெடுக்கும் லாரி, மற்றவை நல்லவை" என்று நீங்கள் முடிவு கட்டினால், அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இங்கே காண்போம்.

டீசல் எந்திரம் காற்றில் கலக்கும் மாசுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, அரைகுறையாக எரிந்த எரிபொருளின் கரித்துகள். மற்றொன்று, நைட்ரஜன் ஆக்சைடுகள். எந்திரத்தின் உள்ளே வெப்பம் மிகும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து இவை உண்டாகின்றன. கரித்துகள் திரண்டு வந்தால் கண்ணுக்குத் தெரியும். நைட்ரஜன் ஆக்சைடுகளோ பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் இவையே வெயிலில் மாற்றமடைந்து, நுரையீரலை அரிக்கும் ஓசோன் உருவாகக் காரணமாகின்றன. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் விற்கப்படும் புதிய லாரிகள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதிக்கு உட்பட்டவை. பாரத் ஸ்டேஜ் 4 விதியில் கனரக எந்திரம் ஒரு கிலோவாட் மணிக்கு 3.5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடலாம். புதிய விதியில் இந்த அளவு 0.46 கிராம். சோதனை முறைகளும் மாறியிருப்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. எனினும் குறைப்பு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

இதைச் சாதிப்பவை புகைக்குழாயில் அமைந்த இரு கருவிகள். முதலாவது துகள் வடிகட்டி. தேனடை போன்ற பீங்கான் அறைகளில் கரியைப் பிடித்து வைத்து, அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் அதை எரித்துவிடும். இரண்டாவது வினையூக்கி அறை. இதற்குள் 32.5 சதவீத யூரியா கலந்த தூய நீர் தெளிக்கப்படுகிறது. ஓட்டுநர்கள் ஆட்ப்ளூ என்றும் யூரியா என்றும் சொல்வது இதைத்தான். வெப்பத்தில் யூரியா சிதைந்து அம்மோனியா பிறக்கிறது. நான்கு மூலக்கூறு நைட்ரிக் ஆக்சைடும், நான்கு மூலக்கூறு அம்மோனியாவும், ஒரு மூலக்கூறு ஆக்சிஜனும் வினைபுரிந்து, நான்கு மூலக்கூறு நைட்ரஜனும் ஆறு மூலக்கூறு நீரும் ஆகின்றன. நஞ்சு காற்றாகவும் தண்ணீராகவும் மாறிவிடுகிறது. எவ்வளவு அழகான வேதியியல்!

இந்த அழகைத்தான் சிலர் தம் கையாலேயே அறுத்து எறிகிறார்கள். வடிகட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் தேனடையைக் குடைந்தெடுத்துவிட்டு, வெறும் கூட்டை மறுபடி பற்றவைப்பது ஒரு வழி. யூரியா தெளிக்காமலேயே தெளிப்பதாகக் கணிப்பொறிக்குப் பொய் சொல்லும் சிறு மின்னணுப் பெட்டியை மாட்டுவது இன்னொரு வழி. இதற்கு அவர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

"மைலேஜ் கூடும், இழுவை கூடும்" என்பது முதல் காரணம். வடிகட்டி புகையின் போக்கைச் சற்றுத் தடுக்கிறது என்பது மெய்தான். அதனால் டீசல் சிறிதளவு கூடுதலாகச் செலவாகும். ஆனால் எந்திரத்தின் அமைப்பு முழுவதும் இந்தத் தடையையும் கணக்கிட்டே செய்யப்பட்டது. யூரியா அமைப்பின் கதையோ நேர் எதிரானது. நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பின்னால் கவனித்துக்கொள்ளலாம் என்பதால், எந்திரத்தை டீசல் சிக்கனத்துக்கு ஏற்ப அமைக்க முடிகிறது. யூரியாவை நிறுத்துவதால் மிச்சமாவது யூரியாவின் விலை மட்டுமே. கரும்புகையைப் பலத்தின் அடையாளமாக எண்ணுவதும் பிழை. கரும்புகை என்பது காசு கொடுத்து வாங்கி எரியாமல் வீணான டீசல்.

"வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் போதும்" என்பது இரண்டாவது யோசனை. நம் நாட்டில் விவசாய யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அதை ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைத்தால் கால்சியம் முதலிய உப்புகளும் சேரும். இவை தெளிப்பானை அடைத்து, வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். உழவருக்கு அரசு மானிய விலையில் தரும் உரம் புகைக்குழாய்க்குப் போவது வேறு குற்றம்.

மூன்றாவது காரணத்தை அலட்சியம் செய்ய முடியாது. யூரியா தீர்ந்தாலோ உணரி பழுதானாலோ, கணிப்பொறி எந்திரத்தின் இழுவையைக் குறைத்துவிடும். சரக்கோடு நடுவழியில் முடங்கும் ஓட்டுநரின் நிலை நியாயமான குறைதான். இதற்குப் பழுதுபார்ப்பு வசதியும் உதிரிப் பாகங்களும் நெடுஞ்சாலையோரம் எளிதில் கிடைக்க வேண்டும். அது தயாரிப்பாளரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவதை விட்டு, வழியோரத்துக் குழந்தையின் மூச்சில் கணக்கைத் தீர்ப்பது எப்படி நியாயமாகும்? டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே அறிவித்துவிட்டது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், 2019 திருத்தத்துக்குப் பின், காற்று மாசு விதியை மீறி ஓடும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதமும் சிறைத் தண்டனையும் உண்டு. குறை சட்டத்தில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. மாசுச் சான்று பெறச் செல்லும் டீசல் வண்டியில் அளக்கப்படுவது புகையின் கருமை மட்டுமே. அதுவும் நின்ற இடத்தில், சுமை இல்லாமல், ஆக்ஸிலேட்டரை மிதித்து. நைட்ரஜன் ஆக்சைடுகளை யாரும் அளப்பதில்லை. ஆகவே ஏமாற்றுப் பெட்டி மாட்டிய லாரி, சட்டப்படி சுத்தமான லாரி என்ற சான்றோடு அதே சாலையில் போகிறது!

அளவுகோலில் ஓட்டை இருந்தால் பெரிய நிறுவனங்களும் அதில் நுழையும் என்பதை 2015-இல் வெளிவந்த வோக்ஸ்வேகன் ஊழல் காட்டியது. சோதனைக்கூடத்தில் மட்டும் நல்லபிள்ளையாக நடக்கும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது, காரைச் சாலையில் ஓட்டியபடியே புகையை அளந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு. நம் நாட்டிலும் 2023 ஏப்ரல் முதல், சாலையில் ஓடும்போதே அளக்கும் விதி வந்துள்ளது. ஆனால் அது தயாரிப்பாளர் தலையில் உள்ள பொறுப்பு. விற்பனைக்குப் பின் குழாயை அறுப்பவரை அது தொடுவதில்லை.

சான்று தரும் இடத்தில் நைட்ரஜன் ஆக்சைடு அளவையும் சேர்த்துச் சோதித்தால், தகுதிச் சான்றுக்கு வரும் லாரியின் கணிப்பொறிப் பதிவையும் பார்த்தால், ஏமாற்றுப் பெட்டி ஒளிய இடம் இருக்காது. இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். இருக்கும் விஞ்ஞானத்தைப் பயன்படுத்தும் மனம் போதும்.

இனி ஜி.எஸ்.டி. சாலையில் புகை தெரியாத லாரியைக் கண்டால், "இது சுத்தமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: "அளந்தது யார்? எதை அளந்தார்?"