கிட்ச் என்னும் கேடயம்

ஓர் ஓவியரைத் தீண்டத்தகாதவராக்க மேலை விமர்சகர்கள் கையாளும் சொற்களுள் ‘கிட்ச்’ என்பதற்கு ஈடானது வேறில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரச் சந்தையின் மலிவுப் படங்களைக் குறித்த இச்சொல்லை, 1939இல் கிளமெண்ட் கிரீன்பெர்க் நவீனக் கலைக்கு எதிர்நிலையாக நிறுத்தினார். உழைப்பின்றி உணர்ச்சியைத் தூண்டும் போலி என்ற பொருள் அதில் நிலைத்துவிட்டது. நார்வே ஓவியர் ஓட் நெர்ட்ரும் (பிறப்பு 1944) செய்தது விந்தையானது. 1998இல் ஆஸ்லோவில் நடைபெற்ற தமது கண்காட்சியின்போது, தாம் கலைஞரல்லர், கிட்ச் ஓவியரே என அவராகவே அறிவித்துக்கொண்டார்.

உருவம் வரைதல் பற்றிய மார்க்க விவாதம் இங்கு நம் பொருளன்று. ரசனை பற்றிய வழக்கையே நோக்குகிறோம்.

ரெம்ப்ராண்ட், கரவாஜியோ வழியில், இருளினின்று ஒளி பிதுங்கும் எண்ணெய் வண்ணத்தில் மனித உடலைத் தீட்டுபவர் அவர். பதினேழாம் நூற்றாண்டுக்காரராக நடிக்கிறார் என்பதே அவர்மீதான பெரும் குற்றச்சாட்டு. இதை நாம் ஏற்பதற்கில்லை. கம்பன் கையாண்ட விருத்தத்தில் சீறாப்புராணம் பாடினார் என்பதற்காக உமறுப் புலவரை யாரும் குறைகூறுவதில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஜெர்மானியத் தீவிரவாத இயக்கமான செம்படைப் பிரிவின் தலைவர் ஆந்திரேயாஸ் பாடர், 1977 அக்டோபர் 18 அன்று ஸ்டாம்ஹைம் சிறையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. கொலை என ஐயுற்றோர் பலர். நெர்ட்ரும் உடனே ‘ஆந்திரேயாஸ் பாடர் கொலை’ என்ற பெரிய ஓவியத்தைத் தொடங்கி 1978இல் முடித்தார். கரவாஜியோவின் கிறிஸ்தவத் தியாகியர் படங்களை நினைவூட்டும் காட்சி அது. பத்தாண்டுகள் கழித்து, 1988இல், கெர்ஹார்ட் ரிக்டர் அதே நிகழ்வை 15 ஓவியங்களாக வரைந்தார். நாளிதழ், காவல்துறைப் புகைப்படங்களைச் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தீட்டிய படங்கள் அவை. இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

நாகரிக ரசனை ரிக்டரையே உயர்த்தும். நாமும் அவரையே தேர்கிறோம். ஆனால் சாம்பல் நிறம் அடக்கமானது என்பதற்காக அன்று. தாம் காணாததைக் கண்டதாக ரிக்டர் சொல்லவில்லை. நெர்ட்ருமோ, எவரும் காணாத ஒரு கணத்துக்கு ரெம்ப்ராண்டின் ஒளியைச் சாட்சியாக நிறுத்துகிறார். மனமுருகிச் சொன்னாலும் காணாத சாட்சி சாட்சியாகாது.

கான்ட், ஹெகல் ஆகியோரின் தத்துவத்தில் வளர்ந்த ‘கலை’க் கருத்துக்குத் தாம் கட்டுப்பட்டவரல்லர் என்பது நெர்ட்ருமின் வாதம். நன்று. கைவினையாளர் என்றே கொள்வோம். கைவினைஞனின் தராசையும் நாம் பார்க்கத்தானே செய்கிறோம்? ‘கிட்ச்’ என்ற சொல்லைக் கேடயமாக்குவதில் இன்னொரு சங்கடமும் உண்டு: எந்த நீதிமன்றத்தை மறுக்கிறாரோ, அதன் தீர்ப்பையே பட்டமாகச் சூடிக்கொள்கிறார்.

இக்கேடயம் வேண்டாத படங்களும் அவரிடம் உள்ளன. பாடகர் டேவிட் போவியிடம் இருந்த ‘விடியல்’ (1990) அவற்றுள் ஒன்று. தார்சேம் சிங்கின் ‘தி செல்’ (2000) திரைப்படக் காட்சியொன்றுக்கும் அதுவே மூலம். வெறுமையான நிலத்தில் ஒரே சாயலில் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். தலைகள் பின்சாய்ந்து, வாய்கள் திறந்திருக்கின்றன. எந்த நாடு, எந்தக் காலம் என்பதற்குக் குறிப்பேதுமில்லை. அவர்கள் பாடுகிறார்களா, ஓலமிடுகிறார்களா, வானிலிருந்து எதையேனும் எதிர்நோக்குகிறார்களா என்பதைப் படம் சொல்வதில்லை. ஒளி மட்டும் அந்த நான்கு கழுத்துகளின்மீது ஒரே அளவில் விழுந்துகொண்டிருக்கிறது.