உமறு பாடாத மோதிரம்

அபிப்பிராயம் கேட்டு என்னிடம் வரும் கவிதைப் பிரதிகளில் ஒரு மோதிரம் அடிக்கடி தட்டுப்படுகிறது. ஸுலைமான் நபி (அலை) அவர்களின் மோதிரம். சமூகம் அதைத் தொலைத்துவிட்டது, அதனால் அரசிழந்து நிற்கிறது, என்றோ ஒரு நாள் மீன் வயிற்றிலிருந்து அது மீண்டு வரும். ஆளுக்கு ஆள் வார்த்தைதான் வேறு, வார்ப்பு ஒன்றே. முதலாவதைப் படித்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ வந்தபோது எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்கு நியாயம் உண்டா என்று யோசித்ததில் விளைந்தது இக்கட்டுரை.

கதை எனக்குப் புதிதல்ல. மருதானையில் எங்கள் உம்மம்மா இஷாவுக்குப் பிறகு சொன்ன கதைகளில் அதுவும் ஒன்று. "அந்த மோதரம் கையில ஈந்தாத்தான் மகன் ராஜாங்கம். களட்டி வெச்ச நேரம் பாத்து ஜின் ஒண்டு அத எடுத்துப் போட்டுக்கிட்டு அவர்ட சிம்மாசனத்தில குந்திட்டு" என்பார். நாற்பது நாள் நபி மீனவரோடு கூலிக்கு நின்றதும், கூலியாகக் கிடைத்த மீனை அறுக்க மோதிரம் வெளிப்பட்டதும் நாங்கள் வாய் பிளந்து கேட்ட இடங்கள். மறுநாள் உம்மா மீன் வெட்டும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்ததும் உண்டு.

ஆனால் குர்ஆனில் அந்த மோதிரம் இல்லை. ஸாத் அத்தியாயத்தில் (38:34) சிம்மாசனத்தின் மீது ஓர் உடல் போடப்பட்டதும், அவர் இறைவன்பால் மீண்டதும் மட்டுமே வருகின்றன. மோதிரக் கதை தப்ஸீர் நூல்களுக்குள் நுழைந்த இஸ்ராயீலிய்யாத் என்பது இப்னு கஸீரின் கருத்து. காற்றும் ஜின்களும் பறவைகளின் மொழியும் அவருக்கு அல்லாஹ் நேரே அளித்தவை. இடையில் கல்லும் இல்லை, உலோகமும் இல்லை. குர்ஆன் அவர் கையில் காட்டும் பொருள் ஒன்றுண்டு. ஸபா அத்தியாயத்து ஊன்றுகோல். அதைப் பூச்சி அரித்து அவர் உடல் விழும்வரை அவர் மரணித்த செய்தி ஜின்களுக்கே தெரியவில்லை. அதிகாரத்தைப் பற்றி எழுதும் கவிஞனுக்கு அந்தக் கோலை விட வேறென்ன வேண்டும்? அதை விட்டுவிட்டு மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மீன் வயிற்று மோதிரம் உலகப் பொதுச் சரக்கு. கிரேக்கத்தில் பொலிக்ரட்டீஸ் கதையாக ஹெரோடோட்டஸ் அதைச் சொல்கிறார். காளிதாசரின் சாகுந்தலத்திலும் மீனவன்தான் மோதிரத்தைக் கண்டெடுக்கிறான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மகாபாரதத்துச் சகுந்தலைக்கு மோதிரமே கிடையாது. அங்கே அரசன் தெரிந்துகொண்டே அவளை மறுக்கிறான். நாடகத்தில் சாபமும் மோதிரமும் வந்து அவன் பழியைக் கழுவிவிடுகின்றன. மறந்தது அவன் குற்றமல்ல, மோதிரம் தொலைந்ததுதான் குற்றம். என் எரிச்சலின் வேர் இங்கேதான் இருக்கிறது. நம் கவிதைகளிலும் மோதிரம் இதே வேலையைத்தான் பார்க்கிறது. நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிறது.

இனி வரலாற்றில் நாம் அறிந்த மோதிரத்துக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரோமருக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையிடாத கடிதத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதன் பேரில்தான் வெள்ளி மோதிரம் செய்யப்பட்டது. முஹம்மது, ரஸூல், அல்லாஹ் என மூன்று வரியில் மூன்று சொற்கள். அதே வாசகத்தை வேறு யாரும் பொறிக்கக் கூடாதென்றும் தடுத்தார்கள். எல்லாம் ஸஹீஹுல் புகாரியில் உள்ளதுதான். மந்திரம் ஏதும் இல்லை. ஒரு காரியாலயத் தேவை, அதற்கொரு கருவி, போலி வராமல் ஒரு பாதுகாப்பு. ஸுலைமான் நபிக்கும் மோதிரம் வேண்டுமென்றால், ஹுத்ஹுத் பறவை ஸபா அரசியிடம் கொண்டுபோன கடிதத்தில் தேடலாம். அவள் அதைக் கண்ணியமான கடிதம் என்றதற்கு, அது முத்திரையிடப்பட்டிருந்ததே காரணம் என விளக்கிய முபஸ்ஸிர்கள் இருக்கிறார்கள்.

இந்த மோதிரத்தை ஏன் தமிழில் ஒரு பெரிய கவிஞன் பாடவில்லை? விடை எளிது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஹிஜ்ரி 6இல் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நின்றுவிடுகிறது. மன்னர்களுக்குக் கடிதம் போனது ஹுதைபியா உடன்படிக்கைக்குப் பிறகு. மோதிரம் வார்க்கப்படும் வாசலுக்குச் சற்று முன்னாலேயே காவியம் முடிந்துபோகிறது. மீதிச் சரித்திரத்தைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார் என்பது உண்மை. ஆயினும் உமறுவின் கை அங்கே போகவில்லை என்பது எனக்குத் தீராத குறை. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பனின் வழியிலேயே அடியெடுத்து வைத்தவர் அவர். தமிழில் மோதிரத்துக்கென்று எழுந்த ஆகப் பெரிய காட்சியும் கம்பனிடம்தான் இருக்கிறது. அதுவும் நம் இலங்கையில் நடப்பதாக! உருக்காட்டு படலத்தில் அனுமன் நீட்டிய கணையாழியைச் சீதை தலையில் வைக்கிறாள், கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அந்த மோதிரம் சிறையை உடைக்கவில்லை. அவளைத் தூக்கிப் பறக்கவுமில்லை. என்னைக் கொண்டுவந்தவன் பொய்யனல்ல என்று மட்டும் சொல்கிறது. வான்மீகியில் அதில் இராமனின் பெயர் பொறித்திருக்கும். பெயர் பொறித்த மோதிரம், தூதன், தூரத்துக் கடிதம் என்று பார்த்தால், கம்பனின் கணையாழிக்கு மதீனத்து மோதிரந்தான் சொந்தம். உம்மம்மாவின் மோதிரம் வேறு சாதி.

அரபியில் காத்தம் என்றால் மோதிரம், முத்திரை இரண்டுந்தான். நம் வீடுகளில் குர்ஆனை ஓதி முடிப்பதைக் கத்தம் என்கிறோமே, அதுவும் அந்த வேரில் வந்ததே. மூடி முத்திரையிடுவது.

இதை எனக்கு நன்றாக விளக்கியது அகராதி அல்ல, பஞ்சிகாவத்தை. அங்கே "ரிங்" என்றால் எவரும் விரலைப் பார்க்கமாட்டார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். நீலப் புகை கக்கிக்கொண்டு வேன் வந்து நின்றால், பாகங்கள் விற்கும் என் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு "ரிங் போயிட்டு" என்பார். புதிய ரிங் ஒன்றை ஒருமுறை என் கையில் தந்தார். முழு வட்டமில்லை, ஓரிடத்தில் வெட்டியிருந்தது. சூட்டில் விரிய இடம் வேண்டுமாம். "ரிங் எஞ்சினுக்கு வலு குடுக்கிறதில்ல மச்சான். ஈக்கிற வலு ஒழுகாமப் பாத்துக்கொள்ளும், அவ்வளவுதான்" என்றார். காத்தம் என்ற சொல்லுக்கு இதை விட நல்ல உரையை நான் வாசித்ததில்லை.

நபியவர்களின் மோதிரம் அபூபக்கர், உமர், உஸ்மான் (ரலி) ஆகியோர் கைகளுக்கு வந்தது. உஸ்மான் (ரலி) அரீஸ் கிணற்றின் மேல் அமர்ந்து அதைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தபோது உள்ளே விழுந்தது. மூன்று நாள் தேடினார்கள். தண்ணீரை இறைத்தும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. பிறகு வந்த குழப்பங்களை இதோடு முடிச்சுப் போட்டு, ஸுலைமான் நபியின் மோதிரத்தைப் போல இதிலும் ஓர் இரகசியம் இருந்தது என்ற அறிஞர்களும் உண்டு. இப்னு ஹஜர் பத்ஹுல் பாரியில் அக்கருத்தை எடுத்துச் சொல்கிறார்.

ஆலிம்களோடு வாதாட நான் ஆளில்லை. ஆனால் கண்டது சரியாக இருந்தும் வாசித்தது பிழைக்கலாம். 1977 மார்ச் 10ஆம் திகதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனபோது, வாணியம்பாடிப் பக்கத்து ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் நட்சத்திர ஒளி சற்று மங்கியதைப் பதிந்தார்கள். புதிய துணைக்கோள் என்று முடிவுகட்டி நேச்சர் இதழிலும் எழுதினார்கள். உண்மையில் அது யுரேனஸின் வளையம். விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கர், கிரகத்துக்கு இரு பக்கமும் ஒரேமாதிரி ஒளி மங்கியதை ஒப்பிட்டு வளையமெனக் கண்டுகொண்டார்கள். மோதிரம் விழுந்ததும் உண்மை, குழப்பம் வந்ததும் உண்மை. ஒன்றால்தான் மற்றது வந்ததென்று வாசித்துவிட்டால், மனிதர்கள் எடுத்த முடிவுகளுக்கு அங்கே வேலையில்லாமல் போய்விடுகிறது.

சகுந்தலையின் மோதிரம் திரும்பி வந்தது. கதையில் ஸுலைமான் நபியின் மோதிரமும் திரும்பி வந்தது. அரீஸ் கிணற்றில் விழுந்தது மட்டும் வரவேயில்லை. உஸ்மான் (ரலி) அதே வாசகத்தோடு இன்னொன்று செய்வித்து அதால் முத்திரையிட்டார்கள் என்று அபூதாவூதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. கடிதங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன.

போன கிழமை கவிதையோடு வந்த ஒரு தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு பேனையைத் திறந்துகொண்டு, "அப்ப சேர், இந்த மீன வெட்டிடவா?" என்றார்.

வெட்டச் சொன்னேன்.