நூல் பிடிக்கிறதா, பாருங்கள்

வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் பேலர் பழையதாக வாங்கப் போகிறவர்கள் செயினைத் தூக்கிப் பார்ப்பார்கள், உருளையின் பேரிங்கை ஆட்டிப் பார்ப்பார்கள், பிக்கப்பில் எத்தனை பல் உடைந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். நூல் பெட்டியைத் திறந்து பார்ப்பவர் அரிது. ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் இந்த இயந்திரத்தோடு ஓட்டிய பிறகு சொல்கிறேன்: முதலில் திறக்க வேண்டியது அதைத்தான்.

எங்களிடம் இருப்பது டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் சின்ன ரவுண்ட் பேலர். இரண்டு கை மாறி வந்தது. புதிதின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அரசு மானியம் புது இயந்திரத்துக்குத்தான் என்பதால் முழுப் பணமும் கையிலிருந்து போட்டதுதான். 35 குதிரைத்திறன் டிராக்டரே தாராளமாக இழுக்கிறது, பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடினால் போதும். கட்டு ஓர் ஆள் தூக்கி வண்டியில் போடக்கூடிய எடை. மற்ற விவரங்கள் இதைத் தேடுகிறவர்களுக்குத் தெரிந்தவைதான்.

டெல்டாவில் இதன் அருமை வேறு. ஆள் வைத்து அறுத்த காலத்தில் தாள் முழுசாக வந்தது, அடித்துப் போர் போட்டோம். இப்போது அறுவடை இயந்திரம் கசக்கித் துப்பிய வைக்கோல் வரிசை வரிசையாக வயலிலேயே கிடக்கிறது. வாரிக் கட்ட ஆள் இல்லை. குறுவை அறுப்போ புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். இரண்டு நாள் வெயில் கிடைத்தால் அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். வாடகை பேலர் பெரிய வயல்களை முடித்துக்கொண்டுதான் இரண்டு ஏக்கர்காரரிடம் வரும். அதற்குள் ஒரு மழை விழுந்தால் வைக்கோல் கறுத்துவிடும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்த இரண்டு நாளைக் கையில் வைத்துக்கொள்வதற்காகத்தான் சிறு விவசாயி சொந்த பேலர் வாங்குவது.

எங்கள் இயந்திரம் மக்கர் பண்ணுவதும் அந்த இரண்டு நாளில்தான். பிக்கப் பல் வைக்கோலை வாரி உள்ளே தள்ளும், இரும்பு உருளைகள் அதைச் சுருட்டும், அறை நிறைந்து கட்டு இறுகியதும் மணி அடிக்கும். டிரைவர் வண்டியை நிறுத்தி, பி.டி.ஓ.வை ஓட விட்டபடியே நூலை உள்ளே விடும் கயிற்றை இழுப்பார். நூலின் நுனி சுழலும் கட்டில் சிக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றிக்கொண்டே போய், கடைசியில் கத்தியில் அறுபட வேண்டும். பாதி நேரம் நுனி சிக்காது. "அண்ணே, நூல் புடிக்கல" என்று குரல் வரும். உள்ளே கட்டு வெறுமனே சுற்றும். சுற்றச் சுற்ற தாள் தேய்ந்து தூளாகும். பொறுமையிழந்து கதவைத் திறந்தால் கட்டுக்குப் பதிலாக ஒரு குவியல் விழும். அதை மறுபடி வரிசையில் கையால் பரப்பிவிட வேண்டும்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, சின்னச் சின்னதாக நாலைந்து. நூலை அழுத்திப் பிடிக்கும் தகட்டில் தூசும் சண்டும் அடைந்தால் நூல் நகராது. ஸ்பிரிங் இறுகினாலும் அதே கதி; தளர்ந்தால் நூல் தொளதொளவென்று சுற்றி, கட்டு வண்டியிலேயே பிரியும். கத்தி மழுங்கினால் நூல் அறுபடாமல் பிய்ந்து, அடுத்த கட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய நுனி உள்ளே போய்விடும். ஒரு சாண் நுனி வெளியே தொங்கினால்தான் பிடிக்கும். இரண்டு கண்டுகளை இணைக்கும்போது முடிச்சு தடித்தால் வளையத்தில் மாட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவே நூல் பெட்டியின் மூடியைத் திறக்க மூன்று போல்ட் கழற்ற வேண்டியிருந்தது. நாளுக்கு நாலு முறை திறக்க வேண்டிய மூடிக்கு ஒரு கொக்கி வைக்கத் தோன்றாதவர்கள் வயலில் நின்று இதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில் கீல் வைத்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பாதித் தொல்லை ஒழிந்தது.

முன்பு வைத்திருந்தவர் பிளாஸ்டிக் நூல் போட்டு ஓட்டியிருக்கிறார். மலிவு, அறுகாது, எலி கடிக்காது. எல்லாம் சரி. ஆனால் அவசரத்தில் கட்டைப் பிரித்துப் போடும்போது நூல் துண்டு தீவனத்தோடு போகிறது. அசை போடும் மாட்டின் வயிற்றில் அது செரிக்காது, சாணத்திலும் முழுதாக வெளியே வராது. சேர்ந்து சேர்ந்து உருண்டையாகி உயிரையே எடுக்கும். மாட்டுக்காகத்தானே இவ்வளவு பாடு? நான் சணல் நூலுக்கு மாறிவிட்டேன். மழைக்காலத்தில் இற்றுப்போகும், கொட்டகையில் எலி கடித்துக் கட்டுகள் பிரியும், செலவும் கூடுதல். இருந்தாலும் சணலின் சொரசொரப்பு வைக்கோலைச் சட்டென்று பற்றிக்கொள்கிறது என்பது கூடுதல் நன்மை. தடிமன் வேறு என்பதால் ஸ்பிரிங்கைப் புதிதாக முறுக்கி வைக்க வேண்டியிருந்தது.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. இந்த வகை பேலரில் அறையின் அளவு மாறாது. வைக்கோல் நிறைந்த பிறகுதான் உருளைகள் இறுக்கத் தொடங்கும். அதனால் கட்டின் வெளிப்புறம் கெட்டியாகவும் நடுப்பகுதி தளர்வாகவும் அமைகிறது. குறை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஐப்பசியில் அதன் பலன் தெரிந்தது: நடுவில் காற்று ஓடுவதால் மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரம் கொட்டகையில் ஆறிவிடுகிறது, பூசணம் குறைவு. அதற்காக ஈர வைக்கோலைச் சுருட்டலாம் என்று பொருளில்லை. உள்ளே சூடேறினால் போர் தீப்பிடிப்பதும் நடக்கும். நறுக்கிய வைக்கோலோடு காய்ந்த தூளுப்பைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். உப்பு கட்டி பிடித்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். இன்னொரு வெயில் வேண்டும்.

சொந்த வயல் மூன்று ஏக்கர் மட்டும் என்றால் இது கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்து வயல்களுக்கும் ஓட்டினால் டீசலும் நூலும் போக மிஞ்சுகிறது. விலை பேசும்போது கொல்லையில் வெறுமனே சுற்றிக் காட்டுவதை ஏற்காதீர்கள். வைக்கோல் வரிசையில் தொடர்ந்து பத்துக் கட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நூல் போகும் வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், கத்திக்கு மாற்று கிடைக்குமா என்று விசாரியுங்கள். பிக்கப் பல் இரண்டு மூன்று போயிருந்தால் பரவாயில்லை, அதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.