ஹேர்சியின் 'ஹிரோசிமா': அறநோக்கில் ஒரு மதிப்பீடு

1946 ஆகஸ்ட் 31ஆந் திகதிய 'நியூ யோர்க்கர்' சஞ்சிகை தன் கட்டுரைப் பக்கங்கள் முழுவதையும் ஒரே கட்டுரைக்கு ஒதுக்கியது. ஜோன் ஹேர்சி எழுதிய அக்கட்டுரையே பின்னர் 'ஹிரோசிமா' என்னும் நூலாயிற்று. 1945 ஆகஸ்ட் 6ஆந் திகதி அணுகுண்டுக்குத் தப்பிய அறுவரின் கதை அது: அலுவலகப் பெண் ஒருவர், வைத்தியர் இருவர், தையற்காரர் ஒருவரின் விதவை, ஜேர்மானியக் குருவானவர், மெதடிஸ்த போதகர். நூலின் புகழ் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயின் தான் எழுப்பும் அறப்பிரச்சினையை அது எவ்வளவு தூரம் எதிர்கொள்கின்றது என்பது தனியே ஆராயப்படவேண்டியது.

ஹேர்சி எங்கும் குரலை உயர்த்துவதில்லை. திருமதி நக்கமுரா தம் தையல் இயந்திரத்தைக் காப்பதற்காக வீட்டின் முன்னிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்துகிறார். கணவரை இழந்தபின் பிள்ளைகளுக்குச் சோறிட்டது அவ்வியந்திரமே. செஞ்சிலுவை வைத்தியசாலையிற் காயமின்றித் தப்பிய வைத்தியர் சசாக்கி, காயமுற்ற தாதியொருவரின் மூக்குக் கண்ணாடியை வாங்கி அணிந்துகொண்டு இரவு பகலாக உழைக்கிறார். நகரின் 150 வைத்தியர்களுள் 65 பேர் மாண்ட செய்தியும் அதே தொனியிலேயே வருகின்றது.

இத்தொனியின் வலிமையை உணர, 1947 பெப்ரவரியில் 'ஹார்ப்பர்ஸ்' சஞ்சிகையில் முன்னாள் யுத்தச் செயலாளர் ஸ்டிம்சன் எழுதிய விளக்கத்தை அருகில் வைத்து நோக்கவேண்டும். ஜப்பான்மீது படையெடுத்திருப்பின் அமெரிக்கத் தரப்பில் மட்டும் இறந்தோரும் காயமுற்றோருமாகப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்படலாமெனத் தமக்கு அறிவிக்கப்பட்டதாக அவர் கூறினார். அத்தொகை சரியா பிழையா என்பது வரலாற்றாசிரியரிடையே இன்றும் தீராத வழக்கு. சரியென்றே கொண்டாலும், படைவீரரைக் காக்கப் படையில் இல்லாதாரைத் தெரிந்தே கொல்லலாமா என்ற கேள்வி கணக்கினால் தீர்வதன்று. ஹிரோசிமாவில் இராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை; குறிவைக்கப்பட்டதோ நகர நடுவிலிருந்த அயோயி பாலம். நக்கமுராவின் கணவர் சிங்கப்பூரில் மாண்ட ஜப்பானியப் படைவீரர்; அப்படை அங்கு செய்த கொடுமை மறைக்கத்தக்கதன்று. அதற்கான தண்டனை அவரது பிள்ளைகள்மேல் விழுவதை எந்த நீதி ஏற்கும்?

இத்துணைச் சிறப்பிருந்தும் நூலில் ஒரு குறை உண்டு. முதல் வாக்கியத்திலேயே குண்டு நகரின்மேல் தானாகவே ஒளிர்கின்றது. அதை ஏவியவர் அங்கில்லை. நம் இலக்கணத்திற் சொல்வதாயின், பிறவினையாற் கூறவேண்டியது தன்வினையாற் கூறப்படுகின்றது. அமெரிக்க ஜனாதிபதி, அம்மக்களுக்குப் பெரும்பாலும் எட்டாத வானொலி அறிவித்தலாகவே நூலுள் வந்துபோகிறார். வெள்ளமும் பூகம்பமும் வருவதுபோலக் குண்டும் வந்ததாகக் காட்டப்பட்டுள்ளதென 1946லேயே மேரி மக்கார்த்தி கண்டித்தார். அக்கண்டனம் முற்றிலும் நியாயமானதன்று. நூலின் இறுதியில், குண்டைப் பயன்படுத்தத் தீர்மானித்தோரையும் விசாரித்துத் தூக்கிலிடவேண்டுமென்கிறார் சசாக்கி. முழுமையான யுத்தம் என்பதே நியாயமாகுமா என வினவி, குருவானவர் ஒருவர் ரோமாபுரிக்கு எழுதிய அறிக்கையும் அங்கு எடுத்தாளப்படுகின்றது. எனினும் இவையெல்லாம் பாதிக்கப்பட்டோரின் அபிப்பிராயங்களாகவே நின்றுவிடுகின்றன. அவற்றுக்கு விடைகூறவேண்டியவரை ஆசிரியர் மேடைக்கு அழைக்கவில்லை.

நாற்பதாண்டுகளின் பின், 1985இல் ஹேர்சி புதிய அத்தியாயமொன்றைச் சேர்த்தார். போதகர் தனிமோட்டோவின் வாழ்க்கையைச் சொல்லும் பகுதியின் இடையிடையே, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்சு, சீனா, இந்தியா ஆகிய நாடுகளின் முதல் அணுகுண்டுப் பரிசோதனைகள் திகதியுடன் குறிக்கப்படுகின்றன. வாக்கியங்களுக்கு இப்பொழுது எழுவாய் உண்டு. குண்டு போட்ட விமானத்தின் துணை விமானி லூயிசுங்கூட அவ்வத்தியாயத்தில் தோன்றுகிறார். 1955இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பொழுதுபோக்கு நிகழ்ச்சி ஒன்றில், முன்னறிவித்தலின்றி, தனிமோட்டோவின் எதிரே கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார். அதை வாசிப்போர் லூயிசின் முகத்தைக் காண்கின்றனர்; அவரை அனுப்பியோரின் முகத்தை அங்கும் காணவில்லை.